லாபம், ரெண்டு, மூணு

வெள்ளவத்தையில் கடற்கரை வீதிக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றின் முனையில், தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன ஒஃபிஸ் இருக்கிறது. முன்னால் கொடியில் ரப்பர் உடுப்புகள் நீர் சொட்டிக்கொண்டு தொங்கும். பின்னால் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் மெஷின் இரையும். ரயில் போனால் அந்த இரைச்சலும் கேட்காது. ஜெயராணி அங்கே பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வரும் ஸ்கூபாக்காரர்களைக் கடலுக்கு அனுப்பிவைப்பதுதான் வேலை. அவளுக்கு நீந்தத் தெரியாது.

பழகவருகிறவர்களை அந்த ஒஃபிஸ் எடுப்பதில்லை. எங்கேயாவது பழகி, எவ்வளவு ஆழம் போகலாம் என்று போட்ட கார்ட் எடுத்து, ஊர் பார்க்க வந்த இடத்தில் இரண்டு நாள் கப்பல் பார்க்கப் போகலாம் என்று வருகிறவர்கள் மட்டும்தான். கொழும்புக் கடலுக்கடியில் கப்பல்களுக்குக் குறைவில்லை. மழை விட்டு, கடல் படுத்துக் கிடக்கும் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைக்கும் ஆட்கள் வருவார்கள். ஒவ்வொருவருடைய கார்டையும் ஜெயராணி கையில் வாங்கிப் பார்ப்பாள். கடைசியாக எப்போது இறங்கினீர்கள், நெஞ்சு வருத்தம் உண்டா, காது அடைக்குமா, சப்பாத்து என்ன சைஸ், என்ன நிறை என்று ஒரு ஃபோம் நிரப்புவாள். யாரை யாரோடு சோடி சேர்ப்பது என்று தீர்மானிப்பாள். விடிய ஐந்து மணிக்குப் படகோட்டி நிஸாமுக்குப் போன் அடித்துக் காற்று எப்படி என்று கேட்பாள். அவள் சரி என்றால்தான் கல்கிசைக் கரையில் படகு இறங்கும்.

கார்டில் பதினெட்டு மீற்றர் என்று இருப்பவன் முப்பது மீற்றரில் கிடக்கும் கப்பலுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தால், அவள் குரலை உயர்த்த மாட்டாள்.

“சேர், உங்கட கார்ட் பதினெட்டோட நிக்குது. கப்பல் முப்பதில கிடக்குது. கப்பல மேல ஏறி வரச் சொல்லவா?”

அவளுடைய மேசைக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. அதில் ஆறு ஆணி, ஆறு அலுமினியத் தகடு. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. படகில் ஏறும்போது ஆளுக்கொன்றைக் கையில் கட்டிவிட வேண்டும். தண்ணீரிலிருந்து ஏறியதும் கழற்றி நிஸாமின் பலகையில் மாட்ட வேண்டும். ஆறும் மாட்டுப்படாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகக்கூடாது. தகடுகளில் 2, 3, 4, 5, 6 என்று பொளிந்திருக்கும். முதல் தகட்டில் 1 இல்லை. ‘லா’ என்று ஒரு எழுத்து. கிராண்ட்பாஸில் திறப்புச் சாவி வெட்டும் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தது.

“இது என்ன, உடைஞ்சு போச்சா?” என்று கேட்பவர்களுக்கு, “இல்ல, அதுதான் முதலாவது,” என்பாள். அதற்குமேல் சொல்வதில்லை.

அந்த எழுத்து அவளுடைய அப்பா இராமரிடமிருந்து வந்தது. அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பதினேழு வயதில் கொழும்புக்கு வந்தவர். நாற்பது வருடம் பழைய சோனகத் தெருவில் நாட்டாமியாக மூட்டை சுமந்தார். லொறியிலிருந்து மூட்டை இறங்கும்போது முதல் மூட்டையை ‘ஒண்ணு’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். பிறகு ரெண்டு, மூணு. தமிழ் முதலாளிக்கும் அதுதான், முஸ்லிம் முதலாளிக்கும் அதுதான், சிங்கள முதலாளியும் அவருடைய மொழியில் அதையே சொல்வார். ஒன்றில் தொடங்கினால் ஒன்றோடு நின்றுவிடும் என்று ஒரு நினைப்பு. கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டிலும் இராமர் அரிசியை அப்படித்தான் அளப்பார். சுண்டு என்கிற அளவுப் பேணியை அரிசிக்குள் வெட்டி எடுத்து, விளிம்பைக் கையால் வழித்து, “லாபம்.” அடுத்தது, “ரெண்டு.” அம்மா இருந்தபோதும் சமையல் அரிசி அளப்பது அவர்தான். அம்மா போன பிறகு சமையலும் அவர்தான்.

பிள்ளைகள் இருவரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஜெயராணி வெளிவாரியாக பி.ஏ. முடித்தாள். ஒரு கல்யாணம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டார், நீங்கள் தோட்டத்து ஆட்களா என்று விசாரித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அவளும் தேடவில்லை. தம்பி கிருஷ்ணராஜ் மட்டக்குளிக் கடலில் நீந்திப் படிப்பைத் தொலைத்தவன். அவனை இந்த ஒஃபிஸில் சேர்த்துவிட்டது ஜெயராணி. முதலில் சிலிண்டர் தூக்கினான். பிறகு கார்ட் எடுத்தான். பிறகு வழிகாட்டியானான். எட்டு வருடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி, எட்டு வருடமும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஏறினான்.

அவன் எண்ணுவதும் அப்பாவைப் போலத்தான். படகின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பின்பக்கமாகத் தண்ணீரில் விழும்போது, “லாபம், ரெண்டு, மூணு,” என்று உரத்துச் சொல்வான். நிஸாம் வெள்ளைப் பலகையில் கோடு போடுவான். ஏறும்போதும் அப்படியே. வெள்ளைக்காரர்கள்கூட இரண்டாம் நாள் அந்தச் சொல்லைப் பழகிவிடுவார்கள். கடலிலிருந்து தலை தெரிந்ததும், ‘லாபம்’ என்று சிரித்துக்கொண்டு கை நீட்டுவார்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஜெயராணி லீவில் நின்றதால் முதலாளியே கார்ட் பார்த்து அனுப்ப, சீமெந்துக் கப்பல் என்று மீன்பிடிகாரர் சொல்லும் கப்பலுக்கு ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். வேறொரு ஒஃபிஸின் படகும் அங்கே நின்றது. இறங்கியவர்கள் ஆறு. திரும்பி ஏறியவர்கள் லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறாவது ஆள் இல்லை. அவரோடு சோடியாகப் போனவர் காற்றுக் குறைந்து முன்னாலேயே மேலே வந்திருந்தார். சுற்றிப் பார்த்தார்கள். தண்ணீரில் குமிழி இல்லை. மற்றப் படகு அதற்குள் கரைக்குப் புறப்பட்டுவிட்டது. பதினொன்று இருபதுக்குக் கிருஷ்ணராஜ் வேறு சிலிண்டர் மாட்டிக்கொண்டு தனியாக மறுபடி இறங்கினான். நிஸாம் வேண்டாம் என்றான். “மனுசன் உள்ளுக்கு மாட்டியிருந்தா?” என்று கேட்டுவிட்டு விழுந்தான்.

மறுநாள் கப்பலின் பின் அறைக்குள் இருந்து அவனை எடுத்தார்கள். சிலிண்டரில் காற்று இல்லை. முன் அறைகளில் சேறு கலங்கியிருந்ததாக எடுத்தவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு அறையாகத் தேடியிருக்கிறான்.

ஆறாவது ஆள் அந்த மற்றப் படகில் ஏறிக் கரைக்குப் போய்விட்டிருந்தார். கனடாவில் இருந்து வந்த பூபாலசிங்கம் என்ற ஒருவர். மாலை மூன்றரைக்குத்தான் அவர் ஹோட்டலில் இருக்கிறார் என்று தெரிந்தது.

ஜெயராணி சாவு வீட்டில் இருந்தபோது ஒஃபிஸில் இரண்டு வாக்குமூலம் எழுதப்பட்டன. ஒன்று பூபாலசிங்கத்தினுடையது. மேலே வந்ததும் தான் வழிகாட்டிக்கு மற்றப் படகைக் காட்டியதாகவும், வழிகாட்டி தலையில் கை வைத்துச் சரி என்று சைகை காட்டியதாகவும் அதில் இருந்தது. மற்றது முதலாளி பொன்னம்பலத்தினுடையது. இறந்தவருக்கு ஒன்றை விட்டுவிட்டு ‘லாபம்’ என்று எண்ணும் ஒரு பழக்கம் இருந்தது, அதனால் கணக்குக் குழம்பியிருக்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். மரண விசாரணை முடிவு, இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு என்று வந்தது. அந்த முடிவைச் சொல்லிச் சிங்களத்தில் டைப் செய்து வந்த கடிதத்தில் ‘லாபம்’ என்ற சொல்லை மட்டும் இரண்டு பக்கமும் குறி போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள், குற்றத்துக்குப் பயன்பட்ட ஆயுதம் மாதிரி.

விசாரணையில் நிஸாம் தன் கோடுகளைக் காட்டியிருந்தான். “எறங்கின ஆறு, ஏறின அஞ்சு, பலகையில ஈக்கிதானே?” என்றான். படகோட்டியின் பலகையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கனடாக்காரர் கை காட்டியிருக்கிறாரே.

அந்தக் கடிதத்தை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவள் ஜெயராணி. காட்டாமல் விட்டிருக்கலாம் என்று அவள் நினைக்காத நாளில்லை. இராமர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை அரிசிப் பானைக்கு முன்னால் குந்தினார். சுண்டை எடுத்தார், விளிம்பை வழித்தார். “ஒண்ணு,” என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அப்படித்தான். ஜெயராணிக்குத் தம்பியின் படத்தைப் பார்த்தால் அழுகை வரும். அந்த ‘ஒண்ணு’ கேட்டால் அழுகை வராது. பல்லைக் கடிப்பாள்.

அந்த ஒஃபிஸில் இன்னும் ஏன் இருக்கிறாய் என்று அக்கம்பக்கம் கேட்டார்கள். அடுத்த மாதமே தகடு செய்வித்துக்கொண்டு வந்து ஆணியில் மாட்டினாள். பொன்னம்பலம் வந்து முதல் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதென்ன பிள்ளை, திரும்பவும் லாபமோ? தோட்டத்துப் பழக்கத்தைக் கடலுக்குள்ளயும் கொண்டு போறியள்.”

“வேணாம்னா சொல்லுங்க சேர். நானும் போறேன், தகடும் போகும்.”

அவர் தகட்டை மாட்டிவிட்டுப் போனார். சீசன் நேரம். கார்ட் பார்க்க, ஃபோம் நிரப்ப, ஐந்து மணிக்கு எழும்ப அவருக்கு வேறு ஆள் இல்லை.

மூன்று வருடம் போயிற்று. இந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வட்ஸ்அப்பில் ‘பாலா, ரொறன்ரோ’ என்று புக் செய்திருந்த ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கார்டை நேரே கொண்டு வாறன் என்று எழுதியிருந்தவர். மறுநாள் படகில் ஆறாவது இடம் அவருக்கு. மேசையில் ஒரு பிஸ்கட் பெட்டியை வைத்தார்.

“இந்தாங்கோ தங்கச்சி, கனடாப் பிஸ்கட். ஒஃபிஸில எல்லாரும் சாப்பிடுங்கோ. நீங்கதானே வட்ஸ்அப்பில என்னைப் பொலிஸ் மாதிரி விசாரிச்சது?”

“நான்தான் சேர். கார்ட் குடுங்க.”

“சேர் எல்லாம் வேண்டாம், அண்ணை எண்டு சொல்லுங்கோ. உங்கட சீமெந்துக் கப்பலை நான் ஏற்கெனவே ஒருக்கால் பாத்திட்டன். கொரோனா முடியிற நேரம் வந்தனான்.”

“யார் கூட்டிட்டுப் போனது?”

“உங்கட ஆக்கள்தான். ஒரு கறுத்தப் பெடியன். நல்ல பெடியன், பகிடி விடுவான். பிறகு அண்டைக்கே அவன் செத்துப்போனான் எல்லோ. பாவம். என்னத்துக்குத் திரும்ப இறங்கினானோ தெரியாது.”

கார்ட் அவள் கையில் இருந்தது. பூபாலசிங்கம் என்று அதில் எழுதியிருந்தது.

இந்த மனிதன் ஒருநாள் முன்னால் வந்தால் என்ன செய்வது என்று மூன்று வருடமாக அவள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யோசித்து வைத்திருந்தாள். அறைவது, காறித் துப்புவது, பெயரைச் சொல்லிக் கேட்பது. ஒன்றும் வரவில்லை. ஃபோமில் அடுத்த கேள்விதான் வாயில் வந்தது.

“சப்பாத்து என்ன சைஸ்?”

“ஒன்பது. தங்கச்சி, ஒரு சின்ன உதவி வேணும்.” அவர் பையிலிருந்து நீலமட்டை லொக் புக் ஒன்றை எடுத்தார். ஸ்கூபாக்காரர் ஒவ்வொரு முறை இறங்கியதையும் எழுதி, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி வைக்கும் புத்தகம். “நான் டைவ் மாஸ்டர் கோர்ஸ் செய்யப் போறன். இனி நானும் ஆக்களைக் கூட்டிக்கொண்டு இறங்கலாம். அதுக்கு அறுபது டைவ் கையெழுத்தோட வேணும். அம்பத்தொன்பது இருக்கு. இந்த ஒண்டுக்கு மட்டும் ஒருத்தரும் வைக்கேல்லை. அண்டைக்கு அந்தக் குழப்பத்தில கேக்கவும் ஏலாது தானே. உங்கட ஒஃபிஸ் டைவ்தான். ஒரு சீலைக் குத்தி விடுங்கோ.”

பெருவிரலால் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

பச்சை மையில் எழுதியிருந்தது. திகதி அதுதான். கப்பல் அதுதான். கீழே ‘வழிகாட்டி’ என்ற இடத்தில் கோடு மட்டும், வெறுமையாக. ஜெயராணி நடுவில் எழுதியிருந்த நாலு வரியை வாசித்தாள். பிறகு மறுபடி வாசித்தாள். வெளியே கல்கிசைப் பக்கம் ரயில் ஒன்று போய் முடியும்வரை காத்திருந்தாள்.

“சேர், இதை எப்ப எழுதினீங்க?”

“அண்டைக்கே. ஹோட்டலுக்குப் போனவுடனேயே எழுதீடுவன். எனக்கு அது ஒரு பழக்கம், பிறகெண்டா மறந்துபோகும்.”

“விசயம் தெரிய முதலா?”

“ஓம், பின்னேரம்தானே போன் கோல் வந்தது. ஏன்?”

“சீல் குத்துறதுக்கு முதல் வாசிச்சுக் காட்டணும். எனக்கு எழுத்து விளங்கல்ல.”

அவளுக்கு எழுத்து நன்றாக விளங்கியது. அவர் சிரித்தார், கண்ணாடியைப் போட்டார், இங்கிலீஷில் எழுதியதைத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தார். “ஆழம் இருபத்தொன்பது மீற்றர். முப்பத்தெட்டு நிமிசம். மேல வந்தது பத்து அம்பத்திரண்டு. தண்ணி நல்ல தெளிவு. பெரிய கலவாய் மீன் ஒண்டு கண்டது. எங்கட போட்டுக்குத் தூரத்தில மேல வந்தன். மற்றப் போட் கிட்ட நிண்டது, அதில ஏறீட்டன். எங்கட ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை, சொல்லேலாமல் போச்சு. இஞ்சி போட்ட பிளேன்டீ தந்தாங்கள்…” 

அங்கே நின்றுவிட்டார். மிச்சத்தை அவள் சொன்னாள்.

“வாழ்க்கையில குடிச்ச நல்ல டீ. பக்கத்தில சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு கீறியிருக்கீங்க.”

“அது சும்மா எழுதினது தங்கச்சி.”

“கை காட்டினேன், அவன் தலையில கை வச்சுச் சரின்னான், அப்படின்னு எழுதிக் குடுத்தது?”

அவர் அவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?”

“அவன் கறுத்தப் பெடியன் இல்ல. பேர் கிருஷ்ணராஜ். எனக்குத் தம்பி.”

அவர் பிஸ்கட் பெட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “பொன்னம்பலத்தார்தான் சொன்னவர். அப்பிடி எழுதினால் ஒருத்தருக்கும் பிரச்சினை வராது எண்டு. எனக்கு ஃப்ளைட் இருந்தது. போனவன் திரும்பி வரப்போறானோ எண்டு…”

“பத்து அம்பத்திரண்டுக்கு மேல வந்திருக்கீங்க. அவன் ரெண்டாந்தரம் எறங்கினது பதினொண்ணு இருவதுக்கு. இருவத்தெட்டு நிமிசம். ஒரு கோல். அந்தப் படகுக்காரன்கிட்ட, என்னைய எண்ணிக்கிட்டு இருப்பானுங்க, ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை. டீ ஆறியா போயிடும்?”

“நான் வேணுமெண்டு செய்யேல்லைத் தங்கச்சி.”

“தங்கச்சின்னு சொல்லாதீங்க.”

அவள் போனை எடுத்துப் பக்கத்தைப் படம் பிடித்தாள். மட்டையைப் பிடித்தாள். கார்டையும் பிடித்தாள். அவர் கையை நீட்டினார், ஆனால் மேசை இடையில் இருந்தது, அவளுடைய உள்ளங்கை புத்தகத்தின் மேல் இருந்தது.

“புத்தகத்தைத் தாங்கோ. சீல் வேண்டாம்.”

“இல்ல, சீல் கேட்டு வந்தீங்க. நான் குத்தித் தாறேன்.”

அவள் பேனையைத் திறந்தாள். வழிகாட்டி என்ற வெறுங்கோட்டில், ரொறன்ரோவில் வாசிப்பவனுக்கும் விளங்க வேண்டும் என்று இங்கிலீஷில், எழுத்துக் கூட்டி, அவசரப்படாமல் எழுதினாள். வழிகாட்டி: இ. கிருஷ்ணராஜ். இந்த ஆளைத் தேடி 11.20க்கு மறுபடி இறங்கினார். திரும்பவில்லை. இறங்கியது ஆறு, ஏறியது ஐந்து. எண்ணியது சரி. அதன் கீழ் தன் பெயரை எழுதினாள். ஒஃபிஸ் சீலை மையில் அழுத்தி, கோணாமல் குத்தினாள். மை காயும்வரை ஊதினாள். அதையும் படம் எடுத்துவிட்டுப் புத்தகத்தைத் தள்ளினாள்.

“இப்ப அறுபதும் இருக்கு. கோர்ஸுக்குக் காட்டுங்க. ஆக்களை எண்ணப் போற ஆள்தானே.”

பொன்னம்பலம் மேல்மாடியில் இருந்து சத்தம் கேட்டு இறங்கி வந்தார். அவருக்கு அந்த முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. பூபாலசிங்கம் புத்தகத்தை விரித்துக் காட்டினார். “என்ரை புத்தகத்தை நாசமாக்கிப் போட்டா. இது லீகல் டொக்கியுமென்ட்.”

“ஓம் சேர்,” என்றாள் ஜெயராணி. “அதாலதான் எழுதினேன்.”

பொன்னம்பலம் பக்கத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். “பிள்ளை, இது முடிஞ்ச கதை. தோண்டி எடுத்து ஆருக்கு என்ன?”

“லாபம்னு எண்ணினதால கணக்குக் குழம்பினதுன்னு எழுதினீங்களே. அந்தக் கையாலயே, கணக்குச் சரின்னு எழுதுங்க. லெட்டர் நான் டைப் பண்றேன்.”

“யோசிப்பம்.”

“மூணு வருசம் யோசிச்சீங்க.”

“உங்கட தம்பி திரும்ப இறங்கினது பிழைதானே? தனியா இறங்கக்கூடாது எண்டு சட்டம் இருக்கு.”

“ஓம், பிழை. ஒரு மனுசன் செத்துக்கிட்டு இருக்கான்னு நெனைச்சது பிழை. அதை எழுதுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எண்ணத் தெரியாதவன்னு எழுதினதைத்தான் அழிக்கச் சொல்றேன்.”

அவர் அவளோடு பேசுவதை விட்டுவிட்டு நிஸாமுக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். யார் முதலாளி என்று காட்டுவதற்காக இருக்கும். “நிஸாம், நாளைக்கு ஆறு பேர். ஆறாவது ஆள் பூபாலசிங்கம், கனடா. சீமெந்துக் கப்பல்.”

போனில் கடல் இரைந்தது. நிஸாமின் குரல் வந்தது.

“எந்தப் பூபாலசிங்கம் சேர்? டீ குடிக்கப் போன ஆளா?”

“நிஸாம், சொன்னதைச் செய்.”

“செய்வன் சேர், ஏன் செய்யாம. ஆனா இந்த எஞ்சினுக்கு ஒரு வருத்தம் ஈக்கி. அஞ்சு பேர் எண்டா ஸ்டார்ட் ஆகும். அவரையும் சேத்து ஆறு எண்டா ஆகாது. அவருக்கு அவசரம் எண்டா நீந்திப் போகச் சொல்லுங்க, டீயை நான் கொண்டு வாறன்.”

பூபாலசிங்கம் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பொன்னம்பலம் அவருக்குப் பின்னால், “தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ,” என்று போனார். ஒழுங்கையில் இருவரும் நின்று கதைத்தார்கள். ஜெயராணி பிஸ்கட் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் பார்க்க, ரயில் கடவையில் குப்பை அள்ளும் ட்ரக்டரில் போட்டாள். பிறகு வந்து ஒஃபிஸ் கம்பியூட்டரில் கடிதத்தை டைப் செய்தாள். மரண விசாரணையைத் திரும்பத் திறக்கக் கேட்டு, நிஸாமின் பலகையைப் பற்றி, பத்து ஐம்பத்திரண்டைப் பற்றி, இணைப்பு, படங்கள் நான்கு. பொன்னம்பலத்தின் கையெழுத்துக்கு இடம் விட்டு ஒன்று, அவர் இல்லாமல் ஒன்று. இரண்டையும் அச்சடித்தாள். முதலாவதை அவருடைய மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் ‘லா’ தகட்டை வைத்தாள். நாளைக்குக் காலையில் தகடு வேண்டும். எடுக்க வரும்போது கையெழுத்து இருக்குமா இல்லையா பார்ப்போம். இல்லாவிட்டால் மற்றது பையில் இருக்கிறது.

மட்டக்குளி பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. அவள் உட்காரவில்லை. சந்தோசமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. அந்தச் சிரிக்கும் மூஞ்சிதான் கண்ணுக்குள் நின்றது. இரண்டு புள்ளி, ஒரு வளைவு. அதைக் கீறிய நேரம் கிருஷ்ணராஜ் எந்த அறையில் இருந்திருப்பான்.

கொட்டாஞ்சேனையில் இறங்கி, ஒழுங்கைக்குள் நடந்து, வீட்டுக்குள் போனபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. இராமர் உலையை வைத்துவிட்டு அரிசிப் பானையைத் திறந்துகொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றாமலே பக்கத்தில் குந்தினாள். போனைத் திறந்து படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். வாசித்தாள். அன்று அந்தச் சிங்களக் கடிதத்தை எப்படி ஒரு சொல்லும் விடாமல் வாசித்தாளோ, அப்படியே. டீயையும் விடவில்லை.

இராமர் போனைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சி டீயா?” என்றார்.

“ஆமா.”

“சீனி போட்டா?”

“அது எழுதல்லப்பா.”

“ம்.” அரிசிப் பானையைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, “அப்ப எண்ணினது சரிதான்,” என்றார்.

“சரிதான். அஞ்சுதான் ஏறியிருக்கு. அவன் எண்ணினது சரி, நீங்க சொல்லிக் குடுத்தது சரி. நான் எழுதிச் சீல் குத்திட்டேன். கடிதமும் போகுது.”

அவர் தலையை ஆட்டினார். உலை கொதித்துவிட்டது. சுண்டை அரிசிக்குள் வெட்டி எடுத்தார். விளிம்பை உள்ளங்கையால் வழித்தார். மூன்று வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

“ஒண்ணு.”

ஜெயராணி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அவருக்கு வலிக்கும் என்று தெரிந்தும் விடவில்லை.

“கொட்டுங்கப்பா.”

“என்ன புள்ள?”

“பானையில திருப்பிக் கொட்டுங்க. மொதல்ல இருந்து அளங்க.”

உலைத் தண்ணீர் பொங்கி அடுப்பில் சீறியது. இரண்டு பேரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இராமர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு சுண்டைக் கவிழ்த்தார். அரிசி சரசரவென்று பானைக்குள் திரும்பிப் போயிற்று. வெறும் சுண்டை மறுபடி உள்ளே வெட்டினார்.